பிளேடு ரன்னர் 1997: பழையதை ஆடுவதா, புதுப்பித்ததை ஆடுவதா?

வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1997 நவம்பரில் அதே பெயரிலான ஹாலிவுட் படத்தை வைத்து வெளியிட்ட 'பிளேடு ரன்னர்' கேமை இன்றைக்கு முறையாக வாங்கி ஆட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நான்கு சிடியில் வந்த அதே பழைய கேம். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளின் தயவில் ஓடுகிறது. 2019 டிசம்பரில் ஜிஓஜி என்ற இணையக் கடைக்கு வந்தது. இன்னொன்று, நைட்டைவ் ஸ்டூடியோஸ் 2022 ஜூனில் கொண்டுவந்த 'என்ஹான்ஸ்டு எடிஷன்'. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஆடுவது என்னவோ பழையதைத்தான். ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன், அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒற்றுமைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். கதை ஒன்றே. குரல்கள் அதே குரல்கள். படத்தில் நடித்த ஷான் யங், ஜேம்ஸ் ஹாங், ஜோ டர்க்கல், வில்லியம் சாண்டர்சன், பிரையன் ஜேம்ஸ் ஆகியோர் கேமுக்கும் பேசினார்கள். இசை, ஃபிராங்க் கிளெபாக்கி காதால் கேட்டு மறுபடி உருவாக்கியது. படத்தின் கதாநாயகன் இதில் இல்லை. 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ், ரே மெக்காய் என்ற புதிய போலீஸ்காரர், ரன்சிட்டர் என்பவரின் விலங்குக் கடையில் விலங்குகளைக் கொன்று போட்டிருக்கிறார்கள் என்ற வழக்கு. படம் பார்க்காதவரும் தாராளமாக ஆடலாம்.

ஆனால் இந்த கேமை ஒருமுறை முடித்துவிட்டு மூடி வைக்க முடியாது. எந்த வடிவத்தை வாங்குவது என்ற கேள்வியே இதிலிருந்துதான் எனக்கு வந்தது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் யார் மனிதர், யார் ரெப்ளிகன்ட், அதாவது மனிதரைப் போலவே செய்யப்பட்ட செயற்கை ஆள், என்பதை கேமே குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறது. விலங்குக் கடையில் வேலை பார்க்கும் லூசி, கிளப்பில் ஆடும் டெக்டோரா, மதுக்கடை மேடையில் ஜோக் சொல்லும் கோர்டோ, இவர்கள் போன தடவை மனிதர்களாக இருந்திருக்கலாம், இந்தத் தடவை இல்லாமல் போகலாம். குளோவிஸ், ஜூபன் போன்ற சிலர்தான் மாறாதவர்கள். முடிவுகள் பத்துக்கும் மேல். போன ஆட்டத்தில் கிடைத்த துப்பு இந்த ஆட்டத்தில் ஆளையே மாற்றிக் காட்டும். இணையத்தில் வழிகாட்டி தேடிப் படித்தாலும் பாதிதான் பயன்படும்.

ஜூபனைத் துரத்தும் இடத்தைப் பாருங்கள். சைனாடவுனில் ஹோவி லீயின் நூடுல்ஸ் கடை. சமையல்காரன் ஜூபனிடம் நாலு கேள்வி கேட்டதும் கொதிக்கிற பானையைத் தள்ளிவிட்டு ஓடுகிறான். சந்து, படிக்கட்டு, கடைசியில் மொட்டைமாடி. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் மெக்காய் துப்பாக்கியை எடுப்பார், மறுபடி அழுத்தினால் உள்ளே வைப்பார். சுடு என்றோ விடு என்றோ திரையில் ஒன்றும் வராது. சுட்டால் ஒரு கதை, விட்டுவிட்டால் வேறு கதை. முதல் அத்தியாயத்திலேயே இப்படி ஒன்றை வைத்துவிட்டு, நீங்கள் செய்ததை கேம் சத்தமில்லாமல் குறித்துக்கொள்கிறது. கூடவே கிரிஸ்டல் ஸ்டீல் என்ற இன்னொரு போலீஸ்காரி தன் போக்கில் அலைந்து துப்பு சேகரிக்கிறாள். நீங்கள் காவல் நிலையக் கம்ப்யூட்டரில் துப்புகளைச் சேர்த்து வைக்கும் உங்கள் கருவியைப் பொருத்தினால் உங்கள் துப்புகள் அவளுக்கும் போய்ச் சேரும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஏற்றினால் யாருக்கு ஆபத்து என்பது பிறகுதான் தெரியும்.

ஆக, இது வருடங்கள் கழித்தும் திரும்பி வந்து ஆடுகிற கேம். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கும்போது இன்றைக்குத் திரையில் எது பளிச்சென்று இருக்கிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அடுத்த லேப்டாப்பில் ஓடுமா, பழைய சேவ் கூட வருமா, கோளாறு வந்தால் திருத்த ஆள் இருக்கிறதா, இவைதான் முதலில்.

பழைய கேம்கள் பலவும் பராமரிக்க ஆளில்லாமல்தான் செத்தன. இதன் கதி இன்னும் மோசம், ஏனென்றால் மூல நிரலே தொலைந்துவிட்டது. வெஸ்ட்வுட் இருந்தது லாஸ் வேகஸில். இஏ நிறுவனம் 1998-இல் வாங்கியது, 2003-இல் அந்த ஸ்டூடியோவை மூடியது. இடம் மாறியதில் நிரல் போய்விட்டதாக வெஸ்ட்வுட்டை நிறுவியவர்களில் ஒருவரான லூயிஸ் காசலே சொல்லியிருக்கிறார். மிஞ்சியது சிடிகளில் இருந்த கோப்புகள் மட்டும். அந்த சிடியை இன்றைய விண்டோஸில் போட்டால் இன்ஸ்டாலரே தகராறு செய்யும். அதைத் தாண்டினாலும் வேறு சிக்கல்: இந்த கேமில் சில விஷயங்கள் கம்ப்யூட்டரின் வேகத்தோடு பிணைந்தவை, 1997-இன் பென்டியம் சிப்புக்கு அளவெடுத்தவை. இன்றைய மெஷினில் நேரக் கணக்கு பிசகுகிறது. சிடியை அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். விற்கிறவர் சொல்லும் விலைக்கு ஆடுவதற்கென்று வாங்காதீர்கள்.

ஸ்கம்விஎம் குழு இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. அது பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கிற எமுலேட்டர் அல்ல. கேமை ஓட்டும் எஞ்சினையே கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, புரிந்துகொண்டு, புதிதாக எழுதிவிடுகிறார்கள். படம், ஒலி, உரையாடல் எல்லாம் உங்களிடம் உள்ள பழைய கோப்புகளில் இருந்து வரும். பிளேடு ரன்னரை இப்படி எழுதி முடிக்க அந்தத் தன்னார்வலர்களுக்கு எட்டு ஆண்டு பிடித்தது. மூல நிரல் கையில் இல்லாமல், குலுக்கல் எப்படி நடக்கிறது, எந்தப் பாத்திரம் எந்த நேரத்தில் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கேமுக்குள் மெக்காய் செய்கிற வேலையே இதுதானே என்று தோன்றும்.

அதன் பலன் பயன்படுத்துகிறவருக்கு எப்படித் தெரியும்? எஞ்சின் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், ராஸ்பெர்ரி பை என்று எங்கும் ஓடுகிறது. கேமின் கோப்புறையை ஒருமுறை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு கடையும் வேண்டாம், லாகினும் வேண்டாம். லேப்டாப் மாற்றினேன், கோப்புறையை ஒட்டினேன், புதிய ஸ்கம்விஎம் இறக்கினேன், சேவ் கோப்புகளை அதன் இடத்தில் போட்டேன், விட்ட இடத்திலிருந்து ஆடினேன். அதே கோப்புறையை போனுக்கும் எடுத்துப் போனேன். 2030-இல் வரப்போகிற ஏதோ ஒரு விண்டோஸில் இது ஓடாது என்றால், அதைச் சரிசெய்ய ஒரு நிறுவனத்தின் பட்ஜெட் கூட்டம் முடியும்வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. தன்னார்வக் குழு கலைந்துபோகாதா என்று கேட்கலாம். கலையலாம்தான். ஆனால் 2001-இல் தொடங்கியது இன்னும் ஓடுகிறது, கலைந்தாலும் நிரல் அனைவர் கையிலும் இருக்கும். வெஸ்ட்வுட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேராது.

புதுப்பித்த பதிப்பின் பக்கமும் நியாயம் உண்டு. டிவியின் முன் சாய்ந்து உட்கார்ந்து கண்ட்ரோலரில் ஆட வேண்டும் என்றால் அதுதான் வழி. பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், ஸ்விட்ச் மூன்றிலும் வந்தது. இது அந்தக் காலத்தில் பிசிக்கு மட்டுமே வந்த கேம் என்பதால், கன்சோலில் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஆங்கில உச்சரிப்பு ஓட்டமாகப் போகும்போது சப்டைட்டில் கைகொடுக்கும். பழையதில் அது கிடையாது, ஸ்கம்விஎம்முக்கு ரசிகர்கள் தயாரித்த தனிக் கோப்பை இறக்கிச் சேர்க்க வேண்டும். எந்த அமைப்பையும் தொடாமல் நிறுவி, அழுத்தி, ஆடு என்பவருக்கு அது நிம்மதி. வெளியானபோது விலை 9.99 டாலர், அது அநியாயம் இல்லை.

ஆனால் மெருகு என்ற பெயரில் நடந்ததுதான் உறுத்துகிறது. அசல் படங்கள் 640க்கு 480 அளவில் வரையப்பட்டவை. மழை, நியான் விளக்கு, புகை, சுற்றும் மின்விசிறி எல்லாமே சிறிய வீடியோத் துண்டுகள். அவற்றைப் பெரிதாக்கி, இடையில் இல்லாத காட்சித் துண்டுகளைக் கணித்து நிரப்பும்போது, மழைக்கோடு கரைகிறது, புகை கஞ்சிபோல் ஆகிறது. பாத்திரங்கள் வாக்ஸல் என்ற சின்னச் சின்னக் கட்டிகளால் ஆனவர்கள். பின்னணி வழவழப்பானதும் அவர்கள் மட்டும் வேறு கேமிலிருந்து வந்தவர்கள் மாதிரி தனியே நிற்கிறார்கள். பழையதில் இரண்டும் ஒரே சொரசொரப்பில் இருப்பதால் கண் ஒப்புக்கொள்கிறது. வெளியான வாரத்தில் ரசிகர்கள் இதைத்தான் திட்டித் தீர்த்தார்கள். அதோடு, பழைய கேமை ஜிஓஜியில் தனியாக விற்பதை நிறுத்திவிட்டார்கள் என்றதும் சத்தம் இன்னும் பெரிதாகி, சில நாளில் அது மறுபடி கடைக்கு வந்தது. பிறகு பேட்ச்கள் வந்தன, பல குறைகள் தீர்ந்தன. ஸ்விட்சில் நான் முழுசாக ஆடியதில்லை. கையில் பிடித்து ஆடுகிற அந்தச் சின்னத் திரையில் இந்த வழவழப்பு அவ்வளவு தெரியாமல் போகலாம், அதை அங்கே ஆடியவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் இது கண்ணால் துப்பறிகிற கேம். ஈஸ்பர் என்ற கருவியில் ஒரு போட்டோவைப் போட்டு, மவுஸால் ஒரு கட்டம் இழுத்தால், அந்த இடம் பெரிதாகும். இன்னொரு கட்டம், இன்னும் பெரிது. ஓரத்தில் நிழலாகத் தெரிந்தது ஒரு முகமாகவோ பொருளாகவோ மாறும். அந்த போட்டோவின் மங்கலும் புள்ளியும்தான் "இங்கே ஏதோ இருக்கிறது" என்று நம்மைத் தேட வைக்கிறது. துடைத்து வைத்த படத்தில் அந்த அரிப்பு குறைகிறது.

பழையதிலும் எரிச்சல்கள் உண்டு. அகலத் திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். அதை இழுத்து நிரப்ப ஆசைப்படாதீர்கள், எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். போனில் ஆடுவது பேசிக்கொண்டு நடக்கிற காட்சிகளுக்கு அருமை, துரத்தலுக்குச் சுமார். வலது பொத்தானுக்குப் பதில் இரண்டு விரலால் தட்ட வேண்டும். ஜூபன் ஓடும்போது அந்தத் தட்டு பிசகினால் அவன் போயே போய்விடுவான். எதிரே இருப்பவர் ரெப்ளிகன்ட்டா என்று கண்டுபிடிக்கும் வோய்ட் கம்ஃப் சோதனையில், கேள்வியின் தீவிரத்தைக் கூட்டிக் குறைத்து எதிராளியின் பதற்றத்தைப் பார்த்துக்கொண்டே போகும்போது, போனின் சின்னத் திரை போதவில்லை. துப்பாக்கியும் சோதனையும் லேப்டாப்பில், நடையும் பேச்சும் போனில் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதே காலத்து மற்ற விஞ்ஞானப் புனைவுத் துப்பறியும் கேம்களோடு ஒப்பிட்டால் பிளேடு ரன்னர் அதிர்ஷ்டசாலி. டெக்ஸ் மர்ஃபி தொடரின் 'அண்டர் எ கில்லிங் மூன்' 1994-இல் நான்கு சிடியில் வந்தது. உண்மையான நடிகர்களை வைத்து வீடியோ எடுத்த கேம். ஜிஓஜியில் கிடைக்கிறது, ஆனால் டாஸ்பாக்ஸில் ஓடுகிறது. டாஸ்பாக்ஸ் பழைய கம்ப்யூட்டரை அப்படியே நடித்துக் காட்டும், அதன் வேக அமைப்புகளை நாமே திருகிப் பார்க்க வேண்டியிருக்கும். ஹிடியோ கோஜிமாவின் 'ஸ்னாட்சர்' நிலைமை இன்னும் பரிதாபம். 1988-இல் ஜப்பானில் பிறந்த அதன் ஒரே ஆங்கில வடிவம் சேகா சிடி என்ற பழைய கன்சோலுக்கு 1994-இல் வந்த பதிப்பு. 2020-இல் வந்த பிசி எஞ்சின் மினி என்ற குட்டி கன்சோலில் சேர்த்தார்கள், ஜப்பானிய மொழியில். அப்படி இருக்க, பிளேடு ரன்னரில் எந்த வடிவம் என்று நாம் சண்டை போடுவதே ஒரு வசதிதான்.

சரி, யார் எதை வாங்குவது? கன்சோல் மட்டுமே வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம், புதுப்பித்ததுதான். பிசி இருப்பவர் ஜிஓஜியில் பழையதை எடுத்துக்கொள்ளலாம். நிறுவிய பிறகு அதில் இரண்டு விதமாகத் திறக்கலாம்: 1997-இல் வந்தபடி ஒன்று, அன்று வெட்டப்பட்டு சிடியிலேயே மறைந்து கிடந்த உரையாடல்களையும் காட்சிகளையும் திரும்பச் சேர்த்தது இன்னொன்று. முதல் ஆட்டத்துக்கு வந்தபடியே ஆடுங்கள். வெட்டப்பட்ட சில துண்டுகள் வேகத்தை இழுக்கின்றன, அவை ஏன் வெட்டப்பட்டன என்பதும் பார்த்தால் புரியும். இரண்டாம் ஆட்டத்தில், லூசி யார் என்று மறுபடி சந்தேகம் வரும்போது, சேர்த்த வடிவத்துக்கு மாறிக்கொள்ளலாம்.