யென் எங்கே வாங்குவது: பாரிமுனையா, ஏர்போர்ட்டா, செவன் இலெவனா?

ஜப்பான் போகிறோம் என்று சொன்னதும் பணம் பற்றி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "டாலரா எடுத்துட்டுப் போங்க மாப்ள, எங்கயும் செல்லும்" என்றார் மாமனார். ஆபீஸ் நண்பனோ, இந்தக் காலத்தில் யார் கட்டுக்கட்டாகக் காசு தூக்கிக்கொண்டு போகிறார்கள், கார்டு போதும் என்றான். டிராவல் ஏஜென்ட், வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டைத் தலையில் கட்டப் பார்த்தார். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, ஆனால் ஒருவராவது கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே போடப்போகிறேன்.

கணக்குக்கு முன்னால் ஒன்று. யென் விலை சொல்லும் விதத்திலேயே ஒரு கண்கட்டு இருக்கிறது. டாலர் 87 ரூபாயாக இருக்கும்போது கவுன்டரில் 93 கேட்டால் நமக்குச் சுருக்கென்று படும், அடுத்த கடைக்குப் போய்விடுவோம். யென் அப்படியில்லை, நான் விசாரித்தபோது ஒரு யென்னே 58 பைசாதான். "62 பைசா சார்" என்று சொன்னால் நாலு பைசாதானே என்று தலையாட்டிவிடுவோம். அந்த நாலு பைசா கிட்டத்தட்ட 7 சதவீதம். டாலரை 93 ரூபாய்க்கு வாங்குவதும் இதுவும் ஒன்றுதான். அதனால் எந்தக் கவுன்டரிலும் "ரேட் என்ன" என்று கேட்காதீர்கள். "ஒரு லட்சம் யென் வேண்டும், ஜிஎஸ்டி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும்" என்று கேளுங்கள். பதில் ரூபாயில் வந்ததும் யார் மலிவு என்று தானாகத் தெரிந்துவிடும்.

நான் விசாரித்த சமயத்தில் சந்தை விலை டாலருக்கு 87 ரூபாய், அல்லது 150 யென். அப்படியென்றால் 100 யென் 58 ரூபாய், ஒரு லட்சம் யென் 58,000 ரூபாய். இந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள், ஆனால் அளவுகோல் இதுதான். நீங்கள் போகும்போது விலை மாறியிருக்கும், கடைக்குக் கடை உள்ள வித்தியாசம் பெரிதாக மாறாது.

மோசமானதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கிளம்பும் அன்று விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் கொடுக்கிறார்கள். எனக்கு ஒரு கவுன்டரில் சொன்ன விலை 100 யென்னுக்கு 63.50. ஒரு லட்சம் யென்னுக்கு ஜிஎஸ்டியோடு 63,600 சொச்சம், அதாவது ஐந்தாயிரத்து அறுநூறு ரூபாய் கூடுதல். இதற்கு மேல் "ஜீரோ கமிஷன்" என்று ஒரு பலகை வேறு. கமிஷன் இல்லைதான், அதை விலைக்குள்ளேயே வைத்துவிட்டார்களே!

அடுத்தது ஊருக்குள் இருக்கும் மணி சேஞ்சர். அண்ணா சாலை, தி.நகர், பாரிமுனை என்று நாலைந்து இடத்தில் போன் போட்டுக் கேட்டால் விலை 60-க்கு அருகில் வந்து நிற்கும். ஜிஎஸ்டி சேர்த்து 60,100 ரூபாய். ஜிஎஸ்டி என்றதும் 18 சதவீதமா என்று பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மாற்றும் தொகையில் 1 சதவீதத்தைத்தான் சேவையின் மதிப்பாக எடுத்து, அதற்கு 18 சதவீதம் போடுகிறார்கள், அதாவது ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் எண்பது காசு. குறைந்தபட்சம் 45 ரூபாய். இதில் இடைஞ்சல் வேறு. சென்னையில் டாலர், சிங்கப்பூர் வெள்ளி, மலேசிய ரிங்கிட், திர்ஹாம் எல்லாம் தினமும் வந்துபோகிற சரக்கு, யென் அப்படியில்லை. பல கடைகளில் இருப்பே இருக்காது, முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். விற்பவரும் அதற்குத் தகுந்த மாதிரி கூட்டித்தான் சொல்வார். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கையோடு கொண்டுபோங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கட்ட முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் அனுப்ப வேண்டும். "ரசீது எதுக்கு சார், ரேட்டைக் குறைச்சுத் தரேன்" என்பவரிடம் மட்டும் வேண்டாம்.

இப்போது மாமனாரின் டாலர் யோசனைக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் இது படுதோல்வியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம்தானே? ஆனால் டாலருக்கு இங்கே வியாபாரம் அதிகம் என்பதால் சந்தை விலைக்கு மேல் ஒன்றரை சதவீதத்தில் கிடைத்துவிடுகிறது. ஜப்பானில் டாலர் நோட்டை வாங்கும்போது வங்கி சார்ந்த கவுன்டர்கள் டாலருக்கு மூன்று யென் போலக் குறைத்துக்கொள்கிறார்கள், 150 என்றால் 147 கிடைக்கும். ஒரு லட்சம் யென்னுக்கு 680 டாலர், அதை இங்கே வாங்க 60,070 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 60,180. பாரிமுனையில் நேராக யென் வாங்கியதற்கும் இதற்கும் எண்பது ரூபாய் வித்தியாசம்! மாமனாரிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மிச்சமாகும் டாலர் அடுத்த பயணத்துக்கும் ஆகும் என்பது கூடுதல் லாபம். ஆனால் ஜப்பானில் வங்கிக் கவுன்டர்கள் மாலை 3 மணிக்கே மூடிவிடும், சனி ஞாயிறு கிடையாது, டிசம்பர் 31 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை. கசங்கிய, பேனாவால் கிறுக்கிய நோட்டென்றால் திருப்பித் தந்துவிடவும் கூடும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வெளியே வர நேரமும் அனுமதியும் இருந்தால் லிட்டில் இந்தியா முஸ்தபா பக்கமோ ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடிலோ டாலரைக் கொடுத்து யென் வாங்கிக்கொள்ளலாம். அங்கே கடைக்குக் கடை போட்டி, யென்னும் தாராளமாகப் புழங்குகிறது, தமிழிலேயே பேரம் பேசலாம்.

இந்திய ரூபாயை அப்படியே கொண்டுபோய் ஜப்பானில் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு ஆள் 25,000 ரூபாய்தான் வெளியே எடுத்துப்போக முடியும். அங்கே அதை வாங்கும் இடங்கள் குறைவு, வாங்கினாலும் அடிமாட்டு விலைதான். விட்டுவிடுங்கள்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன், விவகாரமே இங்கேதான். சாதாரண டெபிட் கார்டை எடுத்துக்கொண்டுபோய் அங்கே ஏடிஎம்மில் பணம் எடுத்தால் வங்கி பெரும்பாலும் மூன்றரை சதவீதம் மார்க்-அப், அதாவது சந்தை விலைக்கு மேல் தன் பங்காக ஒரு கூடுதல், போடும், அதற்கு மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். வெளிநாட்டு ஏடிஎம் கட்டணம் 150 ரூபாய் அளவுக்கு, அதற்கும் ஜிஎஸ்டி. ஜப்பான் ஏடிஎம் தன் பங்குக்கு 220 யென் போல எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 60,700 வருகிறது. பாரிமுனையைவிட அறுநூறு ரூபாய் அதிகம், ஏர்போர்ட்டைவிட மூவாயிரம் குறைவு. அவசரத்துக்கு மோசமில்லை.

ஆனால் மார்க்-அப் இல்லாத கார்டு என்று சில வங்கிகளும் செயலிகளும் தருகின்றன. அதே ஏடிஎம், அதே ஒரு லட்சம் யென், செலவு 58,300 ரூபாய் அளவில் முடிந்துவிடுகிறது. மேலே சொன்ன எதுவும் இதன் பக்கத்தில் வரமுடியாது. இப்படி வாங்கும்போது அது டெபிட் கார்டா கிரெடிட் கார்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு என்றால் கடையில் தேய்க்க அருமையானது, ஏடிஎம்மில் மட்டும் நுழைக்கக்கூடாது. ரொக்கம் எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓட ஆரம்பிக்கும், பல கார்டுகளில் ரொக்கக் கட்டணமும் தனி.

நான் கோட்டை விட்டதும் கார்டில்தான். டோக்கியோவின் நரிட்டா ஏர்போர்ட்டில் இறங்கி முதல் ஏடிஎம்மில் கார்டைப் போட்டால் முடியாது என்று துப்பிவிட்டது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நான் ஆன் செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் கடையில் தேய்ப்பதற்கு ஒரு பொத்தான், ஏடிஎம்முக்கு வேறு பொத்தான், இரண்டாவதை மறந்துவிட்டேன். சரி, இப்போது ஆன் செய்யலாம் என்றால் ஓடிபி வரவேண்டிய இந்திய சிம்முக்கு ரோமிங் போடவில்லை. இரண்டு பெட்டி, தூங்கும் பையன், முறைக்கும் மனைவி. கடைசியில் அன்றைக்குக் கைகொடுத்தது பாரிமுனையில் வாங்கிய யென்தான்.

ஏடிஎம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செவன் இலெவன் கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குள் போங்கள். அங்கே இருக்கும் செவன் பேங்க் மெஷின் நம் கார்டுகளை எடுத்துக்கொள்கிறது, ஆங்கிலத்தில் பேசுகிறது, நள்ளிரவிலும் வேலை செய்கிறது. தபால் நிலைய ஏடிஎம்களும் வெளிநாட்டு கார்டை ஏற்கும், ஆனால் பல இடங்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு. எந்த மெஷினோ கடையோ "ரூபாயில் கழிக்கவா, யென்னில் கழிக்கவா" என்று கேட்டால் யென் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் விலை, மார்க்-அப் இல்லாத கார்டு வாங்கியதே வீணாகிவிடும்.

ஃபாரெக்ஸ் கார்டை முழுக்கத் தள்ளிவிட முடியாது, அதற்கு ஒரே ஒரு வலுவான காரணம் இருக்கிறது. பணம் ஏற்றும் நாளிலேயே விலை உறுதியாகிவிடும். 2024 ஜூலை ஆரம்பத்தில் டாலருக்கு 161 யென்னுக்கு மேல் போய், ஆகஸ்ட் 5 வாக்கில் 142-க்கு வந்துவிட்டது. நம் கணக்கில் 100 யென் ஏறக்குறைய 52 ரூபாயிலிருந்து 59 ஆனது, ஒரே மாதத்தில். மார்க்-அப், ஜிஎஸ்டி என்று நான் மேலே பைசா பைசாவாக எண்ணியதெல்லாம் இப்படி ஒரு ஆட்டத்தில் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் அது எந்தப் பக்கம் ஆடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஏற்றும் விலை மணி சேஞ்சர் சொல்வதற்கு அருகில் இருந்தால் மட்டும் யோசியுங்கள், யென்னாகவே ஏற்றச் சொல்லுங்கள். டாலராக ஏற்றிவிட்டு ஜப்பானில் தேய்த்தால் டாலரிலிருந்து யென்னுக்கு மாற்ற இன்னொரு கட்டணம் விழும், ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார். எனக்கு அவர் சொல்லவில்லை.

எல்லாம் கார்டிலேயே முடிந்துவிடுமா? நண்பன் சொன்னது டோக்கியோவின் பெரிய கடைகளுக்குப் பொருந்தும். ஜப்பான் அரசின் கணக்குப்படி 2024-ல் ரொக்கமில்லாப் பரிவர்த்தனை 42.8 சதவீதம், அதுவும் பாடுபட்டு வந்த உயர்வு. கன்வீனியன்ஸ் ஸ்டோர், ஷின்கான்சென் புல்லட் ரயில் டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் கார்டில் போய்விடும். ராமென் நூடுல்ஸ் கடை வாசலில் டிக்கெட் மெஷின் இருக்கும், பல மெஷின்கள் நோட்டில் ஆயிரம் யென்னைத் தவிர எதையும் பார்க்காது. டோக்கியோ அசகுசா கோவிலில் குறி பார்க்க 100 யென் நாணயம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பயன்படும் சுய்கா கார்டில் ஸ்டேஷன் மெஷினில் பணம் ஏற்ற பெரும்பாலும் ரொக்கம்தான்.

கியோட்டோவில் பஸ் கட்டணம் ஆளுக்கு 230 யென், இறங்கும்போது டிரைவர் பக்கத்துப் பெட்டியில் போடவேண்டும். அதில் சில்லறை மாற்றும் வசதி உண்டு, ஆனால் ஆயிரம் யென் நோட்டுக்குத்தான். என்னிடம் இருந்ததெல்லாம் ஏடிஎம் தந்த புத்தம்புது பத்தாயிரம் நோட்டுகள், 2024 ஜூலையில் வந்த, தொழிலதிபர் ஷிபுசாவா படம் போட்டவை, பார்க்க அழகாகத்தான் இருந்தன. பின்னால் வரிசை நிற்கிறது, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கூச்சம். மனைவி கைப்பையைக் கவிழ்த்து, 50-ம் 10-மாகப் பொறுக்கி எண்ணி, இரண்டு டிக்கெட்டுக்கு 460 யென் சேர்த்துப் போட்டாள். அதற்கப்புறம் ஏடிஎம்மில் எடுத்த கையோடு அதே செவன் இலெவனில் ஒரு ஓனிகிரி சோற்றுருண்டை வாங்கிப் பத்தாயிரத்தை நீட்டுவேன். முகம் சுளிக்காமல் மிச்சத்தை எண்ணித் தட்டில் வைப்பார்கள்.

ஆக, இன்னொரு தடவை போனால் நான் செய்யப்போவது இதுதான்: 20,000 அல்லது 30,000 யென் ஊரிலேயே மணி சேஞ்சரிடம் முன்கூட்டிச் சொல்லி, முடிந்தவரை ஆயிரம் நோட்டாகக் கேட்டு வாங்குவேன். மீதிக்கு மார்க்-அப் இல்லாத டெபிட் கார்டு ஒன்று, வேறு வங்கியின் கார்டு ஒன்று துணைக்கு, இரண்டும் வேறு வேறு பையில். வயதானவர்கள் கூட வந்தால், அவர்களுக்கு மெஷின் முன்னால் நிற்கவே பயமென்றால், ஊரிலேயே மொத்தமாக யென் வாங்கிக் கொடுத்துவிடுவேன். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல்தான், அவர்கள் நிம்மதிக்கு அது தகும். நோட்டாக ஒருவர் 3,000 டாலர் மதிப்புக்கு மேல் இங்கிருந்து எடுத்துப்போக முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது நோட்டு மிஞ்சினால் விற்கலாம், ஆனால் வாங்கிய விலை கிடைக்காது. நாணயத்தை இங்கே யாரும் தொடமாட்டார்கள், அதனால் கடைசி நாள் 10 யென்னும் அதற்கு மேற்பட்டதும் சுய்கா கார்டில் போய்ச் சேரட்டும், 1 யென்னையும் 5 யென்னையும் மெஷின் வாங்காது. 5 யென்னைக் கோவில் உண்டியலில் போடுவது அங்கே வழக்கம், அதன் உச்சரிப்பான "கோ-என்" உறவு, பந்தம் என்ற சொல்லாகவும் காதில் விழும் என்பதால். 1 யென் நாணயங்கள் இன்னும் எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் ஒரு டப்பாவில் கிடக்கின்றன, அலுமினியம், ஊதினால் பறக்கும்.