பிறந்தநாளை வைத்தா, ஓட்டும் விதத்தை வைத்தா? முதியவர்களின் லைசென்ஸுக்கு எந்த முறை சரி?

அப்பாவுக்கு அப்போது 78 வயது. எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்ப வேண்டிய, சிக்னல் இல்லாத ஒரு சந்திப்பு. வந்துகொண்டிருந்த காரின் வேகத்தை அவர் குறைத்துக் கணித்துவிட்டார். அந்தக் காரை ஓட்டியவர் சட்டென்று பிரேக் அடித்ததால் ஒன்றும் ஆகவில்லை. முன்சீட்டில் இருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. "பார்த்துப் போங்கப்பா" என்றேன். "நாற்பத்தஞ்சு வருஷமா ஓட்டுறேன்மா, இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா?" என்றார்.

கீறல் இல்லை என்பது உண்மை. அன்று நான் பயந்ததும் உண்மை.

வயதானவர்கள் லைசென்ஸை வைத்துக்கொள்ள மறுபடி தேர்வு கொடுக்க வேண்டுமா என்ற வாதம், பெரிய விபத்து ஒன்று நடக்கும்போதெல்லாம் கிளம்புகிறது. 2003 ஜூலையில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 86 வயதுக்காரர் ஒருவரின் கார் சந்தைக்குள் பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 87 வயது ஓட்டுநர் ஒருவரின் கார் மோதி ஓர் இளம் தாயும் அவருடைய 3 வயது மகளும் இறந்தார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார்கள் என்பதே இரண்டு விசாரணைகளிலும் வந்த முடிவு. இதையெல்லாம் படிக்கிறவர்களுக்கு, "எழுபது தாண்டிய எல்லாரையும் திரும்ப ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பல நாடுகள் இதைப் பல விதமாக ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டன. அந்த அனுபவங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

ஆபத்து உண்மையில் எவ்வளவு?

ஓட்டும் தூரத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், விபத்து வாய்ப்பு இளைஞர்களிடம் மிக அதிகம், நடுவயதில் குறைகிறது, 75, 80 வயதைத் தாண்டியதும் மறுபடி ஏறுகிறது. உயிரிழப்புக் கணக்கில் இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தாகத் தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதிக்குக் காரணம் உடல் தளர்ச்சி என்று 2003-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே மாதிரி மோதலில் முப்பது வயதுக்காரருக்கு விலா எலும்பில் வலியோடு போகும். எண்பது வயதுக்காரருக்கு அதுவே உயிரை எடுத்துவிடும். முதியவர்கள் அதிகம் இறப்பதால் அவர்கள்தான் அதிகம் மோதுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. ஆண்டுக்கு மிகக் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்கள் எந்த வயதிலும் கிலோமீட்டர் கணக்கில் அதிக விபத்து காட்டுவார்கள். அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் சந்திப்புகள் நிறைந்த ஊர்ச் சாலைகளில். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் போகிறவருக்கு அத்தனை திருப்பங்கள் வருவதில்லை. முதியவர்களில் பலர் குறைவாக ஓட்டுகிறவர்கள் என்பதால் இந்தக் கணக்கு அவர்கள் தலையில் கூடுதலாக ஏறிவிடுகிறது.

இதனால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. கண் கூசினால் தெளிவதற்கு நேரம் எடுக்கிறது. நேரே பார்த்துக்கொண்டே ஓரத்தில் வருவதையும் கவனிக்கும் திறன் சுருங்குகிறது. முதியவர்களின் மோதல்கள் சந்திப்புகளில், அதிலும் எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பும்போது, அதிகம் நடப்பது இதனால்தான். அப்பா தடுமாறியதும் அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான்.

எல்லாரும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற முறை

கேட்கும்போதே நியாயமாகப் படும் முறை இது. காகிதத்தில் பதில் எழுத வேண்டாம், டாக்டரிடம் போய் நிற்க வேண்டாம். வண்டியில் ஏறி ஓட்டிக் காட்டினால் போதும். ஆனால் இதை வைத்திருந்த நாடுகளும் மாநிலங்களும் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகின்றன. நியூசிலாந்து, 80 வயதைத் தாண்டியவர்களுக்கான கட்டாயச் சாலைத் தேர்வை 2006 டிசம்பரில் எடுத்துவிட்டது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் 2011-இல் கைவிட்டது. அங்கே வயதை மட்டும் காரணம் காட்டிச் சாலைத் தேர்வு கேட்கும் ஒரே மாநிலமாக மிஞ்சிய இல்லினாய், அந்த வயது வரம்பை முதலில் 75-லிருந்து 79-க்கு உயர்த்தியது; 2026 ஜூலை 1 முதல் 87 என்று வைக்க 2025-இல் சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 85 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கேட்கிறது.

இதில் ஆஸ்திரேலியாதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரே நாடு, ஒரே மாதிரி சாலைகள். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் வயதை வைத்துத் தேர்வு உண்டு. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் கிடையாது. இரண்டு நகரங்களின் முதிய ஓட்டுநர்களை ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், தேர்வு வைத்ததால் பாதுகாப்பு கூடியதற்கான அடையாளமே கிடைக்கவில்லை.

ஏன் என்று யோசித்தால் புரியும். பகலில், தெரிந்த சாலையில், பக்கத்தில் அதிகாரி இருக்க, அரை மணி நேரம் கவனமாக ஓட்டுவது பலருக்கும் முடியும். ஆபத்து வரும் தருணம் அந்த அரை மணிக்குள் வந்து நிற்காது. இன்னொரு பக்கம், தேர்வு என்ற சொல்லுக்கே பயந்து நன்றாக ஓட்டுகிறவர்களும் சாவியை வைத்துவிடுகிறார்கள். பெண்கள் ஆண்களைவிட முன்னதாக, உடல் நன்றாக இருக்கும்போதே ஓட்டுவதை விட்டுவிடுகிறார்கள் என்று பின்லாந்தில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஓட்டக் கூடாதவரை வடிகட்ட வைத்த சல்லடையில் ஓட்டத் தகுந்தவர் கழிந்துபோனால், அந்த முறையால் என்ன பயன்?

டாக்டர் சான்றும் நினைவுத்திறன் சோதனையும்

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது இந்த முறைதான். பின்லாந்தில் 70 வயதிலிருந்து மருத்துவச் சான்று கேட்டார்கள். பக்கத்து நாடான சுவீடனில் வயதுக் கட்டுப்பாடே இல்லை. 1996-இல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். கார் விபத்து ஆபத்தில் பின்லாந்துக்கு எந்த ஆதாயமும் தெரியவில்லை. மாறாக, நடந்தும் சைக்கிளிலும் போகும் முதியவர்கள் சாலையில் இறப்பது பின்லாந்தில் அதிகமாக இருந்தது.

இது ஏதோ தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் டென்மார்க்கிலும் அதேதான் நடந்தது. 2006-இல் 70 வயதானவர்களுக்கு லைசென்ஸ் புதுப்பிப்பில் நினைவுத்திறன் சோதனையைச் சேர்த்தார்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது, காரில் இறந்த முதியவர்களின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. காருக்கு வெளியே, சாலையில் நடந்தும் சைக்கிளிலும் போய் இறந்த முதியவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. 2017 ஜூலையில் டென்மார்க் வயது சார்ந்த அந்த மருத்துவச் சோதனையையே எடுத்துவிட்டது. ஜப்பானில் 75 வயதிலிருந்து நினைவுத்திறன் சோதனை கட்டாயம். 16 படங்களைக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அங்கே 2017-இல் விதியை இறுக்கிய பிறகு, முதியவர்கள் ஓட்டிய கார்களின் மோதல் குறைந்தது. இந்த நல்ல பலனை மறைக்கக் கூடாது. ஆனால் நடந்தும் சைக்கிளிலும் போய் அடிபடும் முதியவர்கள் அங்கேயும் கூடினார்கள் என்று 2023-இல் வந்த ஆய்வு காட்டியது.

காரிலிருந்து இறக்கப்பட்டவர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதில்லை. மருந்து வாங்கவும், பேரப்பிள்ளையைப் பார்க்கவும், சாவு வீட்டுக்கும் போய்த்தான் ஆக வேண்டும். இரும்புக் கூட்டுக்குள் இருந்தவர் இப்போது அதே சாலையைக் கால்நடையாகக் கடக்கிறார். அதே மங்கிய கண், அதே தளர்ந்த எலும்பு. சரி, மற்றவர்களுக்காவது ஆபத்து குறைந்ததே என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, இகெபுகுரோவில் இறந்த அந்தக் குழந்தையை நினைத்தால் அதை மறுக்க மனம் வராது. ஆனால் இந்த மாற்றத்துக்கு விலை கொடுக்கிறவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓட்டுவதை நிறுத்தியவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த அலசல் சொல்கிறது.

'எனக்கு ஒன்றுமில்லை' என்று கையெழுத்துப் போடும் முறை

பிரிட்டனில் 70 வயதில் லைசென்ஸ் காலாவதியாகும். அதன் பிறகு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை, 'கண் நன்றாகத் தெரிகிறது, சொல்ல வேண்டிய நோய் எதுவும் இல்லை' என்று தாங்களே எழுதிக் கொடுத்தால் போதும் என்ற முறை பல காலமாக இருந்துவருகிறது. தன் நிலை தெரிந்தவருக்கு இது மரியாதையான முறை. ராணி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப் 2019 ஜனவரியில், 97 வயதில், சாண்ட்ரிங்கம் அரச மாளிகை அருகே கார் ஓட்டிப் போகும்போது விபத்தில் சிக்கினார். அடுத்த மாதமே தானாக லைசென்ஸை ஒப்படைத்தார். ஆனால் அதற்கு ஒரு விபத்து நடக்க வேண்டியிருந்தது. மறதி நோய் தொடங்கியவருக்குத் தனக்கு மறதி இருப்பதே பல நேரம் தெரியாது. அவரிடமே போய்க் கேட்டு என்ன பயன்? இந்த முறையை என்னால் ஏற்கவே முடியவில்லை.

நேரில் வரச் சொல்வதும் கண்ணைப் பார்ப்பதும்

பெரிதாக எதுவும் கேட்காத முறை இது. ஆச்சரியம் என்னவென்றால், பலன் தெரிந்ததும் இதில்தான். அமெரிக்க மாநிலங்களின் விதிகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வில், லைசென்ஸ் புதுப்பிக்க நேரில் வர வேண்டும் என்று வைத்திருந்த மாநிலங்களில் 85 வயதைத் தாண்டிய ஓட்டுநர்களின் உயிரிழப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த ஆய்வில் சாலைத் தேர்வுக்கோ, கூடுதல் கண் சோதனைக்கோ தனியாகப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2004-இல் 80 வயதைத் தாண்டியவர்களுக்குக் கண் சோதனையைக் கட்டாயமாக்கிய புளோரிடாவில், அந்த வயதினரின் சாலை உயிரிழப்பு விகிதம் குறைந்தது.

கண் சோதனையை நான் ஆதரிக்க இன்னொரு காரணமும் உண்டு. மற்ற சோதனைகளில் தோற்றால் லைசென்ஸ் போகும். இதில் தோற்றால் பெரும்பாலும் வைத்தியம் கிடைக்கும். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம், கண்புரை இருந்தும் செய்துகொள்ளாதவர்களைப் போல் பாதிதான் என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஒருவரைச் சாலையிலிருந்து விலக்காமலே சாலையைப் பாதுகாப்பாக்கும் வழி வேறு எதிலும் இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரியவில்லை.

தவறு நடந்தால் தேர்வு, திறன் குறைந்தால் வரம்பு

2022 மே மாதத்திலிருந்து ஜப்பான் ஒரு புது விதி வைத்திருக்கிறது. 75 வயதைத் தாண்டியவர், கடந்த மூன்று ஆண்டுகளில் சிக்னலை மீறுவது, வேகமாகப் போவது, எதிர்த்திசையில் ஓட்டுவது போன்ற குறிப்பிட்ட தவறு எதையாவது செய்திருந்தால் மட்டும் ஓட்டிக் காட்ட வேண்டும். தேர்வில் ஒரு பகுதி: தாழ்வான படி ஒன்றின் மேல் காரை ஏற்றி, ஏறியதும் உடனே நிறுத்த வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் தடுமாறாமல் போகிறதா என்று பார்க்கத்தான் அது. இகெபுகுரோவிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு அமைத்தது போல இருக்கிறது. முதல் முறை தோற்றாலும், காலாவதி தேதிக்குள் திரும்பவும் முயலலாம்.

நியூ சவுத் வேல்ஸிலோ, 85 வயதுக்காரர் சாலைத் தேர்வு வேண்டாம் என்றால், வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் ஓட்டும் வரம்புள்ள லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம். 'ஓட்டலாம்' என்பதற்கும் 'ஓட்டக் கூடாது' என்பதற்கும் நடுவே இப்படி ஒரு படி இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, வீட்டில் கார் சாவிக்காகச் சண்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், குறிப்பிட்ட வயதுக்கு மேல் நேரில் வந்து கண்ணைக் காட்டுவது எல்லாருக்கும் கட்டாயம். ஓட்டிக் காட்டுவது, தவறு செய்தவருக்கும், டாக்டரோ குடும்பமோ கவலை தெரிவித்தவருக்கும் மட்டும். அதிலும் நடுவே வரம்புள்ள லைசென்ஸ் என்ற படி இருக்க வேண்டும். குடும்பம் சொன்னால் கேட்கும் ஏற்பாடு கண்டிப்பாக வேண்டும். இல்லினாய் வயது வரம்பை உயர்த்திய அதே சட்டத்தில், குடும்பத்தாரே புகார் தர வழி செய்திருக்கிறது. சொத்துத் தகராறில் அதைத் தவறாகப் பயன்படுத்தவும் ஆள் இருப்பார்கள் என்பதால், புகாரோடு லைசென்ஸ் போய்விடக் கூடாது. சோதனைக்கு அழைப்பு மட்டும் போக வேண்டும். அப்புறம், நிறுத்தச் சொல்லும் அரசு அவர் எப்படிப் போய்வருவார் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வரும் வண்டி வசதி இல்லாத இடத்தில் லைசென்ஸை மட்டும் பிடுங்குவதை நான் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன்.

அப்பாவை நான் தேர்வுக்கு அனுப்பவில்லை. கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை முடிந்து வந்ததும், "எதிர்வீட்டுச் சுவர் இந்த நிறமா?" என்று கேட்டார். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று அவரே முடிவெடுத்தார். அந்தச் சந்திப்புக்கும் இப்போது போவதில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போய், சிக்னல் இருக்கும் இடத்தில் திரும்புகிறார். அதற்கு நான்கு நிமிடம் கூடுதலாக ஆகிறது.