ககுமா, மோலேயா? கானாவில் ஒரு காடுதான் பார்க்க முடியும் என்றால்

தலைநகர் அக்ராவில் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தால் வரும் குழப்பம் இது: தெற்கே ககும் போவதா, வடக்கே மோலே போவதா? இரண்டுக்கும் போய்வந்தவன் என்ற முறையில் நான் மோலே கட்சி. ஆனால் எந்த மாதம் போகிறீர்கள் என்று கேட்காமல் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

ககும் போவது சுலபம். கேப் கோஸ்டுக்குக் காரில் மூன்று மணி நேரம், அங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். 1995-இல் திறந்த தொங்குபாலம்தான் அங்கே பேர்போனது: ஏழு பாலங்கள், மொத்தம் 350 மீட்டர், தரையிலிருந்து சுமார் 40 மீட்டர் உயரம். ஒற்றைப் பலகையில் கால், இரு பக்கமும் கயிற்று வலை, கீழே மழைக்காட்டின் தலை. அந்த அரை மணி நேரம் மறக்காது. விலங்கு பார்க்கத்தான் வழியில்லை. காட்டு யானைகள் உள்ளே இருக்கின்றன. அத்தனை பேர் கூச்சலிடும் பக்கம் அவை ஏன் வரப்போகின்றன? நான் போனது விடுமுறை நாளில், உச்சிவெயில் நேரத்தில். விடியற்காலையில் போகிறவர்களுக்குப் பறவைகளாவது கிடைக்கும்.

போகிற வழியில் எல்மினா கோட்டையையும் பார்த்துவிடலாம் என்பார்கள். 1482-இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கியது. பிற்காலத்தில் அடிமைகளாக விற்கப்பட்டவர்களை அடைத்துவைத்த இருட்டறைகள் அப்படியே இருக்கின்றன. அங்கிருந்து வெளியே வந்தவுடன் வேறெதையும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

மோலே 1971 முதல் தேசியப் பூங்கா. சுமார் 4,800 சதுர கிலோமீட்டர், நாட்டிலேயே பெரியது. வடக்கே இருக்கும் டமாலே நகரம் வரை விமானம், பிறகு டமோங்கோ ஊர் வழியாகக் கார். இங்கே ஜீப்பில்தான் போக வேண்டும் என்றில்லை. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே நடக்க, நாம் பின்னால் நடந்தே போகலாம். எங்களோடு வந்தவர் குனிந்து ஒரு பிடி புழுதியை அள்ளி விரல் வழியே விட்டார். அது பறந்த திசையைப் பார்த்துவிட்டு, எங்கள் வாடை யானைகளுக்கு எட்டாதபடி மறுபக்கம் சுற்றி அழைத்துப் போனார். புதர் தாண்டியதும் தண்ணீருக்குள் மூன்று ஆண் யானைகள். ஒன்று காதோரம் சேற்றை வாரி அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கும் தூரம்.

இதெல்லாம் தண்ணீரைப் பொறுத்தது. நவம்பரில் மழை விட்டபின் காட்டுக்குள் இருக்கும் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும். ஜனவரி முதல் மார்ச் வரை, தங்கும் விடுதி இருக்கிற மேட்டுக்குக் கீழே உள்ள நீர்நிலைகளைத் தேடி யானைகள் தாமாகவே வருகின்றன. புல்லும் காய்ந்தும் எரிந்தும் போயிருப்பதால் தூரத்திலேயே கண்ணில் படும். மழை பிடித்துவிட்டால் கதையே வேறு. காடு முழுக்கத் தண்ணீர் இருக்கும்போது யானைக்கு இந்த இடத்துக்கு வரவேண்டிய தேவையே இல்லை. புல் ஆள் உயரம் வளர்ந்து, பத்தடி தள்ளி நிற்பதைக்கூட மறைத்துவிடும். அதே விமானச் செலவு, அதே வாடகை. ஆகஸ்டில் போன என் நண்பர் குடும்பம் காட்டுப்பன்றிகளையும் பபூன்களையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது. உலர்காலத்துக்கும் ஒரு விலை உண்டு: சகாராவிலிருந்து புழுதியோடு வரும் ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று. வானம் வெளிறிப்போகும், உதடு வெடிக்கும், தூரக் காட்சிப் படங்கள் மங்கலாகத்தான் வரும்.

பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால் லாரபங்காவின் மண் மசூதி. சுவரிலிருந்து மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கட்டடம். முஸ்லிம் அல்லாதவர்கள் வெளியே நின்றுதான் பார்க்கலாம். மோக்னோரி கிராமத்துக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள். கிராமத்தாரே படகு தள்ளி ஆற்றைக் காட்டுகிறார்கள். ஷியா என்ற மரத்தின் கொட்டையை வறுத்து அரைத்த விழுதில் தண்ணீர் விட்டு, அது வெண்ணெயாக வெளுத்துத் திரளும்வரை பெண்கள் கையால் அடிக்கிறார்கள். நானும் கைவைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தோள் வலித்தது.

ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு என்றால் ககும் போங்கள். மோலேயை பிப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.