தேங்காய்த் தொட்டியில் எரிவாயு: ஒரு களத்துக்காரரின் மதிப்பீடு

காங்கயம் வட்டாரத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் தூக்கம் கெடும் மாதங்கள். நாலு நாள் சேர்ந்தாற்போல் மூடம் போட்டால், களத்தில் கிடக்கும் தேங்காய்ப் பருப்பில் பூசணம் பிடித்துவிடும். அதனால்தான் சென்ற ஆண்டு, கோவையில் உள்ள ஒரு தயாரிப்பாளரிடம், மணிக்கு 40 கிலோ தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) எரிவாயுவாக்கும் கலன் ஒன்றை வாங்கி, அதுவரை டீசலில் ஓடிய எங்கள் உலர்த்தியோடு இணைத்தோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதனோடு பழகிய பிறகு இதை எழுதுகிறேன்.

தொட்டியை அப்படியே எரித்தாலும் சூடு வருமே, அதை எதற்கு வாயுவாக்குகிறாய் என்று பெரியப்பா முதல் நாளே கேட்டார். புகை பட்ட கொப்பரை கறுத்துப் போய் விலை இறங்கும் என்பதே பதில். கலனுக்குள் தொட்டி முழுதாக எரியப் போதாத அளவுக்குத்தான் காற்று விடப்படுகிறது. ஒரு பங்கு எரிந்து 1,000 டிகிரிக்கு மேல் வெப்பத்தை உண்டாக்க, மிஞ்சிய கரி அந்த வெப்பத்தில் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும், நீராவியைக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாகவும் மாற்றுகிறது. இப்படிக் கிடைக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி, காற்றோடு உள்ளே வந்த நைட்ரஜன்தான். ஆகவே கன மீட்டருக்கு 1,000 முதல் 1,100 கிலோ கலோரி வெப்பமே இருக்கும். இயற்கை எரிவாயுவில் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு. உருளையில் அடைத்து வைக்க உதவாது. உண்டாகும் இடத்திலேயே எரித்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாட்டில் பேருந்துகளுக்குப் பின்னால் கரியடுப்பைக் கட்டி ஓட்டியதும் இந்த வாயுவில்தான். அதைச் சொன்னதும், அப்பாரு சொல்லக் கேட்டிருப்பதாகப் பெரியப்பா ஒப்புக்கொண்டார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. பற்றவைத்த இருபது நிமிடத்தில் வெளிறிய நீலச் சுடர் வந்துவிடுகிறது. உலர்த்தியின் அறை 65 டிகிரியில் நிலையாக நிற்கிறது. பாதி எடை ஈரமாக இருக்கும் பருப்பு ஆறு விழுக்காட்டு ஈரத்துக்கு இறங்கிய பிறகும் வெள்ளை மாறவில்லை. மணிக்கு 11, 12 லிட்டர் டீசல் மிச்சமாகிறது. ஆனால் விற்றவர் போட்டுக் கொடுத்த கணக்கில் தொட்டியின் விலை சுழி என்று இருந்தது. நீரையும் காற்றையும் வடிகட்ட உதவும் ஆக்டிவேட்டட் கார்பன் செய்யும் ஆலைகள் தொட்டிக்கரியைப் போட்டி போட்டு வாங்கும் ஊரில் தொட்டியை எவரும் சும்மா தருவதில்லை. விற்றிருந்தால் வந்திருக்கும் பணத்தையும் செலவில் எழுதிப் பார்த்தபோது, எங்கள் சேமிப்பு அவர் சொன்னதில் பாதிக்குச் சற்று மேலே நின்றது. அதுவும் நல்ல தொகைதான். பொய்க் கணக்கு சொல்லாமலேயே விற்றிருக்கலாம்.

உண்மையான தொல்லை தார், அதாவது வாயுவோடு ஆவியாக வரும் கரும்பிசின். உலர்த்தியிலிருந்து அறுபது அடி தள்ளிக் கலனை நிறுத்தினார்கள். அவ்வளவு தூரம் வரும்போது வாயு ஆறி, தார் குழாயில் படிகிறது. அதைத் தவிர்க்க நடுவில் வாயுவை நீரால் கழுவும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்தார்கள். மூன்றாம் வாரம் அந்த நீர் கன்னங்கரேலென்று, பினாயில் போன்ற நெடியோடு இருந்தது. என்ன செய்வது என்று தொலைபேசியில் கேட்டேன். தென்னைக்கு விட்டுவிடச் சொன்னார்கள். பீனாலும் பென்சீன் வகைகளும் கலந்திருக்கக்கூடிய நீரைத் தோப்பில் விடுவதற்கு, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மனம் வரவில்லை. சாயக்கழிவு இறங்கிய நொய்யல் கரைக் கிணறுகள் என்ன ஆயின என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர்களுடைய விளம்பரத் தாளை அப்போதுதான் மறுபடியும் எடுத்துப் படித்தேன். இதே தொழில்நுட்பத்தால் நிலக்கரியை வெட்டி எடுக்காமல் பூமிக்குள்ளேயே எரிவாயுவாக்குகிறார்கள் என்று அதில் பெருமையாக அச்சிட்டிருந்தது. பொய்யில்லை. ஒரு துளையில் காற்றையோ ஆக்சிஜனையோ செலுத்தி, நிலக்கரிப் படுகையைப் பற்றவைத்து, இன்னொரு துளை வழியாக வாயுவை எடுப்பது ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1888-லேயே முன்வைத்த யோசனை. உஸ்பெகிஸ்தானின் அங்ரேனில் 1961 முதல் இவ்வாறு வாயு எடுத்து வருகிறார்கள். இந்தியாவில் ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டத்தில், கஸ்தா என்னும் இடத்தில் 2024-இல் முன்னோட்டப் பணி தொடங்கியது. ஆழத்தில் கிடந்து, வெட்டி எடுக்கக் கட்டுப்படியாகாத நிலக்கரிக்கு இது ஒரு வழி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் சின்சில்லாவில் நேர்ந்த மாசுக்குப் பிறகு 2016-இல் அந்த மாநில அரசு அந்தத் தொழிலையே தடை செய்ததைச் சொல்லவில்லை. எங்கள் கலனில் சாம்பலை நான் கிளறிவிடலாம், காற்றை அடைக்கலாம், கறுத்த நீரை வாளியில் மொண்டு பார்க்கலாம். நிலத்தடியில் சுவரும் அடித்தளமும் பாறைதான். உள்ளே வாயுவின் அழுத்தம் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தை மிஞ்சிவிட்டால் தாரும் பீனாலும் பாறை இடுக்கில் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும். ஆயிரம் அடிக்குத் துளை போட்டுத் தண்ணீர் தேடும் ஊரில் இருந்துகொண்டு அதை வெறும் பெருமையாக என்னால் படிக்க முடியவில்லை.

எங்கள் சிக்கலுக்குத் தீர்வு எளிதாகவே கிடைத்தது, விற்றவரிடமிருந்து அல்ல. கலனை உலர்த்திக்குப் பத்தடி அருகில் நகர்த்தினோம். வாயு சூடாகவே வந்து சேர்வதால் தாரும் சுடரிலேயே எரிந்துவிடுகிறது. கழுவும் தொட்டிக்கு வேலை இல்லை. சேர்ந்திருந்த கறுப்பு நீர் மட்டும் இன்னும் மூடிய தொட்டியில் கிடக்கிறது. இயந்திரத்தில் ஓடும் மின்னாக்கிக்கு வாங்குபவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி பொருந்தாது; அதற்கு வாயு ஆறவும் வேண்டும், சுத்தமாகவும் வேண்டும்.

மற்றபடி, ஈரத் தொட்டியும் மட்டையும் கலந்து போட்டால் கலனுக்குள் ஒன்றோடொன்று கோத்துப் பாலம் கட்டி, கீழே இறங்காமல் நின்றுவிடும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை என்பதால் அதைக் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். விலையில் அது சேரவில்லை, நாங்கள் தனியாக வாங்கினோம். பழுது என்று அழைத்தபோது ஆள் வர ஒன்பது நாள் ஆனது, அதுவும் அடைமழையில்.

சொந்தத் தொட்டி உள்ள, மழையில் கொப்பரை கெடுகிற களத்துக்காரர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். தொட்டியை வெளியே விலைக்கு வாங்கிப் போடுவோருக்குக் கணக்கு கட்டாது. எப்படியானாலும், கலன் எத்தனை அடி தள்ளி நிற்கும், கழிவு நீர் எங்கே போகும் என்ற இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.