சைஃபைண்டரா, ரியாக்சிஸா, கூகுள் ஸ்காலரே போதுமா?

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் தொடங்கும்போது கைடு முதலில் சொல்வது "லிட்ரேச்சர் பாருங்க", அதாவது ஏற்கனவே வெளிவந்த கட்டுரைகளைத் தேடிப் படியுங்க என்பதுதான். எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று பெரும்பாலும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. கூகுள் ஸ்காலரில் சேர்மத்தின் பெயரைத் தட்டி, முதல் பக்கத்தில் வந்ததை எல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு, பார்த்தாச்சு என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினோடு ஒரு ஹைட்ரசீனைச் சேர்த்துப் பைரசோல் வளையம் கட்டி, இது புதுச் சேர்மம் என்று நம்பி மூன்று வாரம் உழைத்த பிறகுதான், ஒரு கட்டுரையின் அட்டவணையில் '5டி' என்ற பெயரில் அதே அமைப்பு இருப்பது கண்ணில் பட்டது. அந்தக் கட்டுரை ஸ்காலரிலும் இருந்தது. ஆனால் நான் தட்டிய பெயர் அதில் எங்கேயும் இல்லை.

ஸ்காலரின் குறை அதுதான். அது சொல்லைத் தேடும், மூலக்கூறைத் தேடாது. குர்குமின் என்று ஒருவர் எழுதுவார், டைஃபெருலாயில்மீத்தேன் என்று இன்னொருவர் எழுதுவார், மூன்றாமவர் நீளமான முறைப்பெயரைப் போடுவார். அதிலிருந்து தயாரித்த வழிப்பொருள் என்றால் '5டி' மாதிரி எண்ணும் எழுத்தும் மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் ஸ்காலரை ஒதுக்கிவிட முடியாது. நல்ல பழைய கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று சங்கிலி பிடித்துப் போக இலவசமாக இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, சைஃபைண்டர். வேதியியல் கட்டுரைகளையும் சேர்மங்களையும் தேடும் தளம் இது. இதை நடத்தும் சிஏஎஸ் நிறுவனம் 1907 முதல் வேதியியல் கட்டுரைகளைச் சுருக்கி அட்டவணைப்படுத்தி வருகிறது. 1965இல் ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் எண் கொடுக்கத் தொடங்கினார்கள். ரீஏஜென்ட் பாட்டில் லேபிளில் பார்ப்போமே, அந்த எண்தான். குர்குமினுக்கு 458-37-7. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. மற்ற இலக்கங்களை வலமிருந்து 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள்: 7, 6, 24, 20, 20, மொத்தம் 77. அதன் கடைசி இலக்கம் 7. குறிப்பேட்டில் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தால் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். கட்டுரையில் '5டி' என்று மட்டும் இருந்தாலும், அட்டவணைப்படுத்துபவர்கள் அதன் அமைப்பைப் பார்த்து எண் கொடுத்திருப்பார்கள். அதனால் நாம் அமைப்பை வரைந்து தேடினால் அது அகப்படும். காப்புரிமைகளும் சேர்ந்தே வரும். "இதை யாராவது ஏற்கனவே செய்திருக்கிறார்களா?" என்ற கேள்விக்கு நான் நம்புவது சைஃபைண்டரைத்தான்.

ரியாக்சிஸும் வேதியியல் தேடல் தளம்தான், அதன் பலம் வேறு இடத்தில். பைல்ஸ்டைன், க்மெலின் என்ற இரண்டு பெரிய ஜெர்மன் கையேடுகளின் தரவு அதற்குள் இருக்கிறது. 2009இல் இவற்றை ஒரே தளமாக்கினார்கள். இங்கே கட்டுரையைவிட எண்கள்தான் முன்னால் நிற்கும்: உருகுநிலை, என்எம்ஆர் நிறமாலை, விளைச்சல், கரைப்பான், வெப்பநிலை. குர்குமினை விளைபொருளாக வரைந்து வினையைத் தேடினால், வனிலினையும் அசிட்டைல்அசிட்டோனையும் போரிக் அன்ஹைட்ரைடோடு சேர்க்கும் 1964ஆம் ஆண்டு பாபோன் முறையும் அதன் வழிவந்தவையும் வரிசையாக வரும். போரான் எதற்கு என்பதும் அப்போது புரியும். அசிட்டைல்அசிட்டோனின் நடுக்கார்பன் வினையில் இறங்காமல் போரான் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஓரக் கார்பன்கள் மட்டும் ஆல்டிஹைடோடு சேர்கின்றன. நாளை காலை ஆய்வகத்தில் என்ன எடுத்து வைப்பது என்றால் எனக்கு ரியாக்சிஸ்தான். சைஃபைண்டரிலும் வினைத் தேடல் உண்டு, அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் விளைச்சலை வைத்து வடிகட்டி, பண்புகளை ஒப்பிட்டுப் பார்க்க என் கைக்கு ரியாக்சிஸ் பழகிவிட்டது.

இரண்டிலும் மாணவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். அமைப்பை வரைந்து, அதைத் தன்னுள் கொண்ட எல்லாச் சேர்மங்களையும் தேடும் உட்கூறுத் தேடல் கொடுத்தால், திறந்து கிடக்கும் ஒவ்வோர் இடத்திலும் எது வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று தளம் எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டும். வேண்டாத இடங்களைப் பூட்டிவிட்டுத் தேடுங்கள். அப்புறம், குர்குமின் மாதிரி டைகீட்டோன் என்றால் கீட்டோ வடிவம், ஈனால் வடிவம் இரண்டையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள். ஒன்றில் வராதது இன்னொன்றில் வரலாம்.

இரண்டுமே சந்தாத் தளங்கள், பல கல்லூரிகளில் இரண்டும் கிடையாது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியதால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 13,000 இதழ்களைப் படிக்க முடிகிறது, பெரிய உதவிதான். ஆனால் கட்டுரையைப் படிக்க வழி கிடைப்பதும் அதைக் கண்டுபிடிக்க வழி கிடைப்பதும் ஒன்றல்ல. கண்டுபிடிக்க இலவசமாக இருப்பது பப்கெம் என்ற சேர்மத் தரவுத்தளம். அமைப்பை வரையலாம், உட்கூறாகவும் தேடலாம், பல சேர்மங்களின் பக்கத்திலேயே கட்டுரைகளுக்கும் காப்புரிமைகளுக்கும் இணைப்பு உண்டு. குர்குமினின் எண் அங்கே 969516. பத்து கோடிக்கு மேல் சேர்மங்கள் இருந்தும், அதில் அகப்படவில்லை என்பதை மட்டும் வைத்து "புதுச் சேர்மம்" என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்கு நான் செய்யச் சொல்வது இதுதான். தயாரிக்கப்போகும் எல்லா அமைப்புகளையும் பப்கெம்மில் வரைந்து, ஒவ்வொன்றின் ஸ்மைல்ஸ் வரியையும் (அமைப்பை எழுத்துகளாலும் குறிகளாலும் ஒரே வரியில் எழுதுவது) ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். சைஃபைண்டர் இருக்கும் பல்கலைக்கழகத்தில் உங்கள் கைடுக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார். முறையாகக் கேட்டு அனுமதி வாங்கி, அந்தக் கோப்போடு அரை நாள் போய் உட்காருங்கள். முதல் வினையைத் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டு வாருங்கள்.