மாதம் கூட்டினால் எந்தத் தேதி? நான்கு வழி, நான்கு விடை

2025 ஜனவரி 31-லிருந்து ஒரு மாதம் கழித்து என்ன தேதி? முப்பது நாளைக் கூட்டினால் மார்ச் 2. எக்செல்லில் மாதம் கூட்டும் ஈடேட் ஃபார்முலாவைக் கேட்டால் பிப்ரவரி 28. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் பழைய தேதி வசதியான டேட்டைக் கேட்டால் மார்ச் 3. "மாதந்தோறும் 31-ஆம் தேதி" என்று, நாட்காட்டிச் செயலிகளுக்கான பொதுத் தரமான ஐகேலண்டரின் விதிப்படி நடக்கும் நாட்காட்டியில் போட்டுவைத்தால், அது பிப்ரவரியைத் தாண்டிப் போய் மார்ச் 31-இல்தான் மணியடிக்கும்.

இவற்றில் எதுவும் கூட்டல் பிழை இல்லை. ஒவ்வொன்றும் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. நாம்தான் விதியைத் தேர்ந்தெடுக்காமல் கருவியைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்.

முப்பதால் பெருக்குவது

மாதம் என்றால் 30 நாள், ஆறு மாதம் என்றால் 180 நாள் என்பது மனக்கணக்குக்கு வசதி. ஆனால் உண்மையான ஆறு மாதம் ஒருபோதும் 180 நாள் வருவதில்லை. எந்தத் தேதியில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து 181 முதல் 184 நாள் வரை ஓடும். மார்ச் 15-லிருந்து ஆறு மாதம் செப்டம்பர் 15. அதற்கு 184 நாள் ஆகிறது. 180 நாள் மட்டும் கூட்டினால் செப்டம்பர் 11-லேயே நின்றுவிடுவோம். பதினெட்டு மாதம் என்று போனால் இடைவெளி இன்னும் பெருகும்: 2025 மார்ச் 15-லிருந்து 540 நாள் என்பது 2026 செப்டம்பர் 6, மாதக்கணக்கில் செப்டம்பர் 15. ஒன்பது நாள் பள்ளம்.

சராசரியை வைத்துச் சரிசெய்யலாமே என்று சிலர் 30.44-ஆல் பெருக்குவார்கள். அந்த எண் வானத்திலிருந்து விழுந்ததில்லை. கிரிகோரியன் நாட்காட்டியில் 400 ஆண்டுக்கு 1,46,097 நாள், 4,800 மாதம், வகுத்தால் 30.436875. நீண்ட காலத்தைத் தோராயமாகச் சொல்ல இது நல்ல எண். ஒரு குறிப்பிட்ட தேதியைக் கேட்டால் விடை பின்னத்தில் வரும், அதை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்ற புது வம்பு தொடங்கும்.

வாரக்கணக்கும் இதே குடும்பம்தான். நான்கு வாரம் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு "மாதம்" 336 நாளில் முடிந்துவிடும். பதின்மூன்று வாரம் மூன்று மாதம் என்பது பரவாயில்லை: 91 நாள் வரும், உண்மையான மூன்று மாதம் 89 முதல் 92 நாள்.

ஆவணத்தில் "90 நாள்" என்று எழுதியிருந்தால் நாளை எண்ண வேண்டும். "மூன்று மாதம்" என்று எழுதியிருந்தால் மாதத்தை நகர்த்த வேண்டும். ஒன்றை மற்றதாக மாற்றிக்கொள்ளும் இடத்தில்தான் சண்டை வருகிறது. இரண்டும் ஒன்றுபோலப் பேசப்படும் ஓர் இடம் பிரசவ நாள் கணக்கு. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டச் சொல்லும் நேகலே விதிக்கும், 280 நாள் கூட்டுவதற்கும் ஒரே விடை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒன்பது மாதம் 273 முதல் 276 நாள் வரை மாறும் என்பதால், அந்த விதி தரும் நாள் 280-லிருந்து 283 வரை எங்கேயும் விழலாம். இரண்டு செயலிகள் இரண்டு தேதி காட்டினால் பதற வேண்டாம், பெரும்பாலும் காரணம் இதுதான்.

மாத எண்ணை நகர்த்துவது

கையால் போடுவதற்கு இதைவிட நேரான வழி இல்லை. தேதியைத் தனியே எடுத்து வையுங்கள். மாத எண்ணோடு கூட்ட வேண்டிய மாதத்தைக் கூட்டுங்கள். 12-க்கு மேல் இருக்கும் வரை 12-ஐக் கழித்துக்கொண்டே வாருங்கள்; ஒவ்வொரு கழித்தலுக்கும் ஓர் ஆண்டு கூடும்.

2025 நவம்பர் 30-லிருந்து 27 மாதம்: 11 + 27 = 38. மூன்று முறை 12 போனால் மிச்சம் 2. அதாவது 2028 பிப்ரவரி. 30-ஆம் தேதி அங்கே இல்லை; 2028 லீப் வருடம், ஆகவே கடைசி நாள் 29.

வகுத்து மீதி எடுப்பவர்கள் வழுக்கும் இடம் டிசம்பர். 2025 ஆகஸ்ட்டோடு 16 மாதம் கூட்டினால் 24; 12-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 0. பூஜ்யம் என்று ஒரு மாதம் கிடையாது, அதனால் "2027 ஜனவரி" என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 2026 டிசம்பர். "12-க்கு மேல் இருந்தால் மட்டும் கழி" என்று வைத்துக்கொண்டால் இந்தப் பள்ளத்தில் விழ மாட்டோம்: 24-லிருந்து ஒரே முறை கழித்தால் 12, ஓர் ஆண்டு கூடுதல், முடிந்தது.

விரல்விட்டு எண்ணும்போது வேறொரு தவறு நடக்கும். மார்ச்சிலிருந்து மூன்று மாதம் என்றால் "மார்ச், ஏப்ரல், மே" என்று தொடங்கும் மாதத்தையே முதல் விரலாக எண்ணி மே-இல் நிற்பார்கள். ஏப்ரல்தான் முதல் விரல், விடை ஜூன். எந்த மாதத்துக்கு 31 என்பதற்குக் கைமுட்டி வழி போதும்: ஆள்காட்டி விரல் முட்டி ஜனவரி, அடுத்த பள்ளம் பிப்ரவரி என்று போனால் சுண்டுவிரல் முட்டியில் ஜூலை வரும், ஆகஸ்ட்டுக்கு மறுபடி ஆள்காட்டி முட்டியிலிருந்து தொடங்க வேண்டும். முட்டியெல்லாம் 31.

தொடக்கத் தேதி 1 முதல் 28-க்குள் இருந்தால் மாதம் நகர்த்தும் கருவிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே விடைதான் தரும். மாதாந்திரத் தவணைக்குத் தேதி குறிக்கும் உரிமை உங்கள் கையில் இருந்தால் 28-ஐத் தாண்டாதீர்கள். கீழே வரும் தலைவலியில் முக்கால்வாசி அதோடு தீரும்.

இல்லாத தேதிக்கு என்ன செய்வது

மாதத்தை நகர்த்தியபின் 29, 30, 31 அங்கே இல்லையென்றால் என்ன செய்வது என்பதில்தான் கருவிகள் பிரிகின்றன. சில, மாதக் கடைசியில் வெட்டி நிறுத்தும். சில, மிஞ்சிய நாட்களை அடுத்த மாதத்துக்குள் வழியவிடும். சில, தொடக்க நாள் மாதக் கடைசியாக இருந்தால் விடையையும் மாதக் கடைசிக்கே ஒட்டும். 2025-க்கான விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும் (போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூலைட் ஆகியவை தரவுத்தள மென்பொருள்கள்; ஜாவா, பிஎச்பி நிரல்மொழிகள்):

| கருவி | ஜனவரி 31 + 1 மாதம் | ஏப்ரல் 30 + 1 மாதம் |
|---|---|---|
| எக்செல் ஈடேட் | பிப்ரவரி 28 | மே 30 |
| எக்செல் ஈஓமந்த் (மாதக் கடைசி நாளைத் தருவது) | பிப்ரவரி 28 | மே 31 |
| எக்செல் டேட் ஃபார்முலாவில் மாதத்தோடு 1 | மார்ச் 3 | மே 30 |
| போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஜாவா லோக்கல்டேட் | பிப்ரவரி 28 | மே 30 |
| ஆரக்கிள் ஆட் மந்த்ஸ் | பிப்ரவரி 28 | மே 31 |
| பழைய ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, எஸ்கியூலைட், லினக்ஸின் டேட் கட்டளை | மார்ச் 3 | மே 30 |

வெட்டும் விதிதான் பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும்: ஒரு மாதம் என்று சொன்னால் அடுத்த மாதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதே எல்லோருடைய எதிர்பார்ப்பும். அதற்கும் ஒரு விலை உண்டு. ஆகஸ்ட் 28, 29, 30, 31 ஆகிய நான்கு நாளிலும் தொடங்கும் ஆறு மாதம், 2026-இல் பிப்ரவரி 28 என்ற ஒரே நாளில் முடியும். முடிந்த தேதியை வைத்துத் தொடங்கிய தேதியைக் கண்டுபிடிக்க முடியாது. ஜனவரி 31-ஓடு ஒரு மாதம் கூட்டி, ஒரு மாதம் கழித்தால் ஜனவரி 28-இல்தான் வந்து நிற்போம்.

வழியவிடும் விதியை எந்த வேலைக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பிப்ரவரியில் வர வேண்டிய பில் மார்ச்சில் விழுந்து, மார்ச்சில் இரண்டு பில், பிப்ரவரியில் பூஜ்யம் என்று ஆகும். ஆண்டில் பெரும்பாலான நாள் சரியாக ஓடி, ஜனவரி கடைசி மூன்று நாளிலும் மார்ச், மே, ஆகஸ்ட், அக்டோபர் 31-களிலும் மட்டும் பல்லைக் காட்டும் என்பதால் சோதனையில் சிக்குவதும் அரிது. பிஎச்பியில் "அடுத்த மாதத்தின் கடைசி நாள்" என்று கேட்கும் தொடரே இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். லினக்ஸ் கட்டளையில் மாதத்தின் பெயர் மட்டும் வேண்டுமென்றால் 15-ஆம் தேதியிலிருந்து நகர்த்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக வந்திருக்கும் டெம்போரல் என்ற தேதி வசதி, சும்மா விட்டால் வெட்டும். இல்லாத தேதி வந்தால் பிழை காட்டு என்றும் சொல்லிவைக்கலாம்.

மாதக் கடைசிக்கு ஒட்டும் ஆரக்கிள் விதி தனி ரகம். வாடகை, வட்டி போல "மாதக் கடைசி" என்பதே ஒப்பந்தமாக இருந்தால் அது அருமை. ஆனால் நிரலுக்கு உங்கள் எண்ணம் தெரியாது. ஏப்ரல் 30 என்பது "30-ஆம் தேதி"யா "மாதக் கடைசி"யா என்று அது கேட்பதும் இல்லை. ஜனவரி 30-இல் தொடங்கி மாதம் மாதமாகக் கூட்டிப் பாருங்கள்: பிப்ரவரி 28, அடுத்து மார்ச் 31. 30-இல் தொடங்கியவர் 31-க்கு ஏறிவிட்டார். ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறும்போது மாதக் கடைசித் தேதிகள் மட்டும் ஒத்துப்போகாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

பைத்தான் நிரல்மொழியில் கால அளவைக் குறிக்கும் டைம்டெல்டாவுக்கு மாதம் என்ற அளவே கிடையாது, வாரமும் நாளும் அதைவிடச் சிறிய அளவுகளும்தான். மாதம் வேண்டுமென்றால் டேட்யூட்டில் என்ற கூடுதல் நூலகத்தின் ரிலேட்டிவ்டெல்டா. அதில் "மந்த்ஸ்" என்று எழுதினால் மாதம் கூடும், கடைசி ஸ் விட்டுப்போய் "மந்த்" என்று எழுதினால் மாதத்தையே அந்த எண்ணாக மாற்றிவிடும். பிழைச்செய்தியும் வராது.

தேதி கரையும் பட்டியல்

எக்செல்லில் தவணைப் பட்டியல் போடுபவர்கள் வழக்கமாகச் செய்வது: முதல் வரியில் ஜனவரி 31, இரண்டாவது வரியில் "மேல் வரியோடு ஒரு மாதம்" என்று ஈடேட், பிறகு கீழே இழுத்துவிடுவது. கிடைப்பது: ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 28, ஏப்ரல் 28. பிப்ரவரியில் வெட்டுப்பட்ட தேதி பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

பக்கத்துப் பத்தியில் 1, 2, 3 என்று மாத எண்ணிக்கையை எழுதி, ஒவ்வொரு வரியிலும் முதல் தேதியிலிருந்தே கூட்டுங்கள். முதல் தேதியின் முகவரிக்கு டாலர் குறி போட்டுப் பூட்டினால் போதும். இப்போது பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று சரியாக வரும். நிரலிலும் இதேதான்: முந்தைய தவணையோடு கூட்டாதே, முதல் தேதியோடு கூட்டு. தவணை நாள் விடுமுறையில் விழுந்து அடுத்த வேலைநாளுக்குத் தள்ளினாலும், தள்ளிய தேதியிலிருந்து அடுத்ததைக் கணக்கிடக் கூடாது.

ஈடேட் போட்டதும் 45716 என்று ஒரு எண் வந்து நின்றால் ஃபார்முலா தப்பில்லை. அது 2025 பிப்ரவரி 28-இன் வரிசை எண். கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் சரியாகிவிடும். ஒன்றரை மாதம் என்று 1.5 கொடுத்தால் சத்தமில்லாமல் 1 என்று எடுத்துக்கொள்ளும், அரை மாதம் காற்றில் போகும். 05/07 என்று தட்டச்சு செய்தால் அது ஜூலை 5-ஆ மே 7-ஆ என்பதைக் கணினியின் வட்டார அமைப்புதான் முடிவு செய்யும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-07-05 என்று எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை.

மாதமும் நாளும் சேர்ந்து வந்தால்

"ஒரு மாதம் ஒரு நாள்" என்று வந்தால் வரிசை முக்கியம். 2025 ஜனவரி 30-ஓடு மாதத்தை முதலில் கூட்டினால் பிப்ரவரி 28, பிறகு ஒரு நாள், மார்ச் 1. நாளை முதலில் கூட்டினால் ஜனவரி 31, பிறகு மாதம், பிப்ரவரி 28. பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்குப் போவதே வழக்கம்: ஆண்டு, மாதம், கடைசியில் நாள்.

தொடக்க நாள் கணக்கில் சேருமா என்பது இதைவிடப் பெரிய தகராறு. மார்ச் 15-இல் தொடங்கும் ஆறு மாத உத்தரவாதம் செப்டம்பர் 14 நள்ளிரவோடு முடிகிறதா, 15-உம் உண்டா? மார்ச் 15 முதல் நாளாக எண்ணப்பட்டால் 14-தான் கடைசி நாள். எந்தக் கருவியும் இதைத் தீர்க்காது. ஈடேட் 15 என்றே சொல்லும். கால அளவோடு கடைசித் தேதியையும் ஆவணத்திலேயே எழுதிவிடுவது உத்தமம்.

புதிய கருவி ஏதாவது கையில் கிடைத்தால் நம்புவதற்குமுன் நான்கு கேள்வி கேட்டுப் பாருங்கள். 2025 ஜனவரி 31 + 1 மாதம்: பிப்ரவரி 28 வந்தால் வெட்டும் ரகம், மார்ச் 3 வந்தால் வழியும் ரகம். 2025 பிப்ரவரி 28 + 1: மார்ச் 28-ஆ, 31-ஆ என்பதில் மாதக் கடைசிக்கு ஒட்டும் ரகமா என்று தெரியும். 2025 ஆகஸ்ட் 15 + 16: 2026 டிசம்பர் 15 வர வேண்டும். கடைசியாக 2096 பிப்ரவரி 29 + 48: வெட்டும் கருவி 2100 பிப்ரவரி 28 என்று சொல்ல வேண்டும். 29 என்று சொன்னால், நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு லீப் இல்லை என்பதை அதை எழுதியவர் மறந்திருக்கிறார்.