எருக்கஞ்செடி முன்னால் ஒரு கிளிப் லென்ஸ்

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்காகப் போன் கேமராவில் கிளிப்பால் மாட்டும், சின்னப் பொருளை அருகில் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஐந்நூறு ரூபாய்க்குள்தான். பெட்டியில் 15 எக்ஸ், அதாவது 15 மடங்கு என்று போட்டிருக்கிறது.

பள்ளிச் சுவரோரம் ஒரு எருக்கஞ்செடி. அதன் குருத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. "மஞ்சத்தூள் டீச்சர்" என்றான் ஒருவன். லென்ஸை மாட்டிப் போனை அவன் கையிலேயே கொடுத்தேன். தூளுக்குக் கறுப்புக் கால்கள் இருந்தன! பின்பக்கம் இரண்டு கறுப்புக் குழாய்கள் வேறு. அத்தனையும் அசுவினிப் பூச்சிகள், தண்டில் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. எறும்பு ஒன்று வந்து அவற்றை உணர்கொம்பால் தட்டுவதை வீடியோ எடுத்தார்கள். எதற்குத் தட்டுகிறது என்று கேட்டார்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக என்றதும் வகுப்பு முழுக்க "ச்சீ". மறுநாள் அதே செடியில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். தாத்தா பூவின் நடுவில் இருப்பது ஒரு பூ இல்லை, குட்டிக் குட்டிப் பூக்களின் கூட்டம் என்பதும் இதில் நன்றாகத் தெரிகிறது.

இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில்தான் படம் தெளியும். விரலால் ஜூம் செய்து பயனில்லை. போனையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான். ஓடிக்கொண்டே படம் எடுக்கிற பிள்ளைகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆனால் மதியம் கடல்காற்று கிளம்பிவிட்டால் செடி ஆடும், ஒன்றும் எடுக்க முடியாது. காலை முதல் பாடவேளைதான் தோது.

கேமராவில் காட்டினால் செடி, பூச்சியின் பெயர் சொல்லும் சீக் (Seek) செயலியும் போனில் இருக்கிறது, கணக்குத் தொடங்காமலே வேலை செய்யும். பெயர் கிடைத்ததும் பிள்ளைகள் அடுத்த செடிக்குத் தாவிவிடுகிறார்கள். அதனால் நோட்டில் வரைந்த பிறகுதான் அதைத் திறக்க விடுகிறேன்.

குறைகள்? போனின் பின்கவரைக் கழற்றினால்தான் கிளிப் உட்காரும். மூன்று நான்கு கேமரா உள்ள போனில் முதன்மைக் கேமரா எதுவென்று விரலால் மறைத்துப் பார்த்துத் தேட வேண்டும். கிளிப்பின் உள்ளே இருந்த ரப்பர் ஒரு மாதத்துக்குள் பிய்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டியிருக்கிறேன்.

விலை குறைந்த பல போன்களில் 2 மெகாபிக்சலில் ஒரு மேக்ரோ கேமரா வைத்திருப்பார்கள். அதற்கு இந்த லென்ஸ் எவ்வளவோ மேல். வீட்டில் பழைய ஒற்றைக் கேமரா போன் சும்மா கிடந்தால் அதற்கே மாட்டுங்கள். கிளிப் கச்சிதமாக உட்காரும், பிள்ளைகள் கீழே போட்டாலும் நெஞ்சு பதறாது.